நெட்வொர்க் ஸ்விட்ச்: 94-லேயே நிற்கும் வேகம், இருட்டினால் அணையும் கேமரா

ஒரு லேன் கேபிளில் வரும் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டிதான் நெட்வொர்க் ஸ்விட்ச். வீட்டுக்கும் சிறிய அலுவலகத்துக்கும் எதை வாங்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதி, இரண்டாவது வரியிலேயே வேறு ஏதோ கோளாறைச் சொல்கின்றன. எனவே கோளாறிலிருந்தே ஆரம்பிக்கிறோம்.

கேள்வி: வீட்டில் 300 மெகாபிட் பைபர் இணைப்பு. கீழே மோடம் பக்கத்தில் நின்று போனில் பார்த்தால் 280 காட்டுகிறது. மாடிக்குக் கேபிள் இழுத்து, 5 போர்ட் ஸ்விட்ச் போட்டு, டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் கொடுத்திருக்கிறேன். அங்கே எத்தனை தடவை பார்த்தாலும் 94தான். விலை கூடிய ஸ்விட்ச் வாங்கினால் சரியாகுமா?
— வாசகர், மதுரை

பதில்: அந்த 94 என்ற எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. 100 மெகாபிட்டில் ஓடும் ஈதர்நெட் இணைப்பில், ஒவ்வொரு பாக்கெட்டின் (தரவுத் துண்டின்) தலைப்பும் நடுவில் விடும் இடைவெளியும் போக, கையில் கிடைப்பது 94, 95தான். இணையமே மந்தம் என்றால் இன்று 70, நாளை 130 என்று ஏறி இறங்கும். ஆணி அடித்தாற்போல் 94-ல் நின்றால், மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஏதோ ஓர் இடம் 100-ல் ஓடுகிறது என்று அர்த்தம்.

அந்த இடம் ஸ்விட்சாக இருக்கலாம். கவிழ்த்து அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். 10/100 என்று மட்டும் இருந்தால் மாற்ற வேண்டியதுதான்; 10/100/1000 என்று இருந்தால் ஜிகாபிட், அதன் மேல் குற்றமில்லை. பெட்டியில் 'ஃபாஸ்ட் ஈதர்நெட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வேகமான சரக்கு என்று வாங்கிவிடுகிறவர்கள் நிறைய. அது 1995-ல் வந்த 100 மெகாபிட் தரத்தின் பெயர்.

மோடத்தின் போர்ட்டாகவும் இருக்கலாம். இணைய நிறுவனங்கள் கொடுத்துவிட்டுப் போகும் பல மோடங்களில் ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், மற்றவை 100. பெரும்பாலும் லேன் 1 தான் ஜிகாபிட், பக்கத்தில் 'ஜி.ஈ.' என்று பொறித்திருக்கும். மாடிக் கேபிள் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, கேபிள். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டு ஒயரும் வேண்டும். ஓர் ஒயர் கிரிம்ப்பில் (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் இடத்தில்) சரியாக உட்காராவிட்டாலும் இரு முனைகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், அல்லது இணைப்பு விட்டுவிட்டு வரும். இதில் கண்ணுக்குத் தப்பும் தவறு ஒன்று உண்டு. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி என்று பக்கம் பக்கமாக அடுக்கி இரு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்துவிடுவார்கள். எட்டு விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர் 'எல்லாம் சரி' என்று சொல்லும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் வர வேண்டும். வராவிட்டால் சிக்னல் ஒன்றில் ஒன்று கசியும். இரண்டு மீட்டரில் தப்பித்துக்கொள்ளும், மாடிவரை 25 மீட்டர் போனால் பிழைகள் குவியும். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடியை நீலம் பிரித்து நிற்பதைக் கவனியுங்கள்.

மூன்றில் எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஜிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பை மோடத்தில் சின்ன லேன் கேபிளால் செருகுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ஈதர்நெட்டைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரி இருக்கும்: 1000/1000 அல்லது 100/100. பிறகு மாடிக்குப் போய் ஸ்விட்ச் இல்லாமல் கேபிளை நேராகச் செருகிப் பாருங்கள். அடுத்து ஸ்விட்ச் வழியாக. எந்தப் படியில் 1000 போய் 100 வருகிறதோ அங்கேதான் கோளாறு. படியெல்லாம் 1000 காட்டியும் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் 94 என்றால் அதன் நெட்வொர்க் கார்டு 100. டிவியைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்றும் பெரும்பாலான டிவிகளின் லேன் போர்ட் 100தான், 4கே படத்துக்கு 25 மெகாபிட் இருந்தால் ஓடும்.

ஸ்விட்ச்தான் என்று தெரிந்தால் 8 போர்ட் ஜிகாபிட், செட்டிங்ஸ் எதுவும் இல்லாத சாதாரண அன்மேனேஜ்டு வகை போதும். 5 போர்ட்டில் கீழிருந்து வருவதற்கே ஒன்று போய்விடும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான்.

கேள்வி: நூல் வியாபாரம். 9 கம்ப்யூட்டர், 2 பிரிண்டர், ஒரு விரல்ரேகை வருகைப்பதிவு மெஷின், ஒரு வைஃபை பெட்டி, ஒரு ரூட்டர். ஆள் சேரச் சேர ஸ்விட்ச் வாங்கி மேசைக்கு அடியில் போட்டதில் இப்போது 8 போர்ட் ஒன்று, 5 போர்ட் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. எல்லாமே பழைய 100 மெகாபிட். டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டா கடைசி அறையில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கிறது. மாதக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்தால் டேலி நகர மறுக்கிறது. மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர்.
— வாசகர், ஈரோடு

பதில்: மூன்று ஸ்விட்சிலும் சேர்த்து 18 போர்ட். ஒன்றோடொன்று இணைக்கவே நான்கு போய்விட்டது. மீதி 14, உங்கள் பொருள்களும் 14. அடுத்த ஆள் வந்தால் நான்காவது பெட்டி மேசைக்கு அடியில் வரும்.

போர்ட் கணக்கைவிடப் பெரிய தொல்லை, டேலி கம்ப்யூட்டர் வரிசையின் கடைசியில் இருப்பது. முன்னறைகளில் இருக்கும் அத்தனை பேரின் போக்குவரத்தும் கடைசி ஸ்விட்சுக்குப் போகும் ஒரே ஒரு 100 மெகாபிட் கேபிளில் நெருக்கியடித்துப் போகிறது. ஸ்விட்ச் ஒவ்வொன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. அடுக்கிய விதம்தான் தப்பு.

ஒரே பெட்டியாக 24 போர்ட் ஜிகாபிட் அன்மேனேஜ்டு வாங்கி, அலுவலகத்தின் நடுவில் சுவர் ரேக்கில் மாட்டி, ஒவ்வொரு மேசைக்கும் அங்கிருந்தே தனிக் கேபிள் இழுத்துவிடுங்கள். 16 போர்ட்டிலும் இன்றைய 14 அடங்கும்தான். அடுத்த வருடமே திரும்பவும் 5 போர்ட் தேடுவீர்கள். டேலி கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிள் கேட் 6 ஆக இருக்கட்டும், அதன் லிங்க் ஸ்பீட் 1000 என்று காட்டுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டேட்டா இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அதை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றுவதும் ஸ்விட்ச் அளவுக்கே பலன் தரும். வைஃபையில் டேலி ஓட்டுகிறவர் யாராவது இருந்தால் அவரையும் ஒயருக்குக் கொண்டுவாருங்கள். பதிவு நடக்கும்போது சிக்னல் அறுந்தால் டேட்டா கெடக்கூடும்.

மேனேஜ்டு ஸ்விட்ச் டேலியை வேகமாக்காது. நெட்வொர்க்கைப் பிரிக்க வேண்டும், எந்தப் போர்ட்டில் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும் என்ற தேவையும், அதைப் பார்க்கத் தெரிந்த ஆளும் இருந்தால் வாங்கலாம். இப்போதைக்கு அந்தப் பணத்தை நல்ல கேபிளுக்கும் ஒரு சின்ன யு.பி.எஸ்.ஸுக்கும் செலவிடுங்கள். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் யு.பி.எஸ். கொடுத்துவிட்டு ஸ்விட்சை நேராக மின்சாரத்தில் மாட்டியிருக்கும் அலுவலகங்கள் ஏராளம். கரண்ட் போன நொடியில் எல்லார் திரையும் எரியும், டேலி மட்டும் அறுந்திருக்கும்.

கேள்வி: பிளாஸ்டிக் உடலா, இரும்பு உடலா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஏசி இல்லாத அறை, மூடிய அலமாரி என்றால் இரும்பு, சூடு வெளியேறும். மேசைமேல் காற்றோட்டமாக இருந்தால் பிளாஸ்டிக்கும் உழைக்கும். 8 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் எரிப்பதே 5 வாட்டுக்குள்தான். உடலைவிட அடாப்டரைக் கவனியுங்கள்: சில ஸ்விட்சுகள் 5 வோல்ட், சில 9, சில 12. குண்டு பின் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ரூட்டரின் 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் ஸ்விட்சில் செருகினால் அதோடு கதை முடிந்தது. வாங்கிய அன்றே அடாப்டரில் மார்க்கரால் 'ஸ்விட்ச்' என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: அரிசி ஆலையில் 8 கேமரா. ஆறு சாதாரண புல்லட் கேமரா, இரண்டு சுழலும் கேமரா. லேன் கேபிளிலேயே மின்சாரமும் தரும் பி.ஓ.இ. ஸ்விட்சில் 'போர்ட்டுக்கு 30 வாட்' என்று போட்டிருக்கிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. இருட்டினதும் 7-வது, 8-வது போர்ட்டில் உள்ள சுழலும் கேமராக்கள் அணைந்து அணைந்து வருகின்றன. கேமரா ரிப்பேரா?
— வாசகர், கரூர்

பதில்: கேமராவைக் கழற்றாதீர்கள். அந்த லேபிளில் இன்னோர் எண் இருக்கும்: மொத்த வாட். 8 போர்ட் பெட்டிகளில் அது பல நேரம் 60, 65-ஆகத்தான் இருக்கும். எட்டு போர்ட், 30 வாட், ஆக 240 என்று பெருக்கிப் பார்ப்பது வாங்குகிறவர் கணக்கு. தயாரித்தவர் கணக்கு, ஏதாவது ஒன்றிரண்டு போர்ட் 30 வரை இழுக்கலாம், எல்லாம் சேர்ந்து 65-ஐத் தாண்டக் கூடாது என்பது.

இருட்டினதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும். அப்போதுதான் மின்சாரம் கூடுதலாக இழுக்கும். புல்லட் கேமராவுக்கு இரவில் 7 வாட், சுழலும் கேமராவுக்கு 18 வாட் என்று வைத்துக்கொண்டால் 42-ம் 36-ம் சேர்ந்து 78. (உங்கள் கேமராப் பெட்டியில் 'அதிகபட்சம்' என்று போட்டிருக்கும் எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.) பகலில் இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அதனால் தெரியாது. எல்லை தாண்டியதும் பல ஸ்விட்சுகள் கடைசி எண் போர்ட்டிலிருந்து துண்டிக்கத் தொடங்கும். 7, 8 அணைவதன் காரணம் இதுதான். சோதித்துப் பார்க்க, இரவில் புல்லட் கேமராக்களில் இரண்டைக் கழற்றுங்கள். சுழலும் கேமராக்கள் அணையாமல் இருந்தால் சந்தேகமே இல்லை.

தீர்வு இரண்டு. மொத்தம் 120 வாட் தரும் ஸ்விட்ச் வாங்கலாம். 78-க்கு மேல் கால் பங்கு கூடுதலாக வைத்தால் சுமார் 98 வரும், 120-ல் அது தாராளமாக அடங்கும். அல்லது, இதுதான் சிக்கனம், இரண்டு சுழலும் கேமராவுக்கும் தனித்தனியாக 30 வாட் பி.ஓ.இ. இன்ஜெக்டர் (ஒரு கேபிளில் மட்டும் மின்சாரம் சேர்க்கும் சின்னப் பெட்டி) போட்டுவிட்டால் ஸ்விட்சின் சுமை 42-ஆகக் குறையும். இன்ஜெக்டர் '802.3 ஏ.டி.' தரமாக இருக்க வேண்டும். பழைய 'ஏ.எஃப்.' தரத்தில் போர்ட்டில் 15.4 வாட்தான், கேபிள் இழப்பு போகக் கேமராவுக்கு 12.95 வாட்தான் போய்ச் சேரும். 18 வாட் கேமராவுக்கு அது பத்தாது.

அப்படியும் தூரத்துக் கேமரா மட்டும் தகராறு செய்தால் கேபிள்மேல் சந்தேகப்படுங்கள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய சி.சி.ஏ. கேபிள் மலிவாக நிறைய விற்கிறது. அதன் மின்தடை அசல் செம்பைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு; 70, 80 மீட்டர் போவதற்குள் மின்னழுத்தம் விழுந்துவிடும். ஒயர் முனையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கும்போதே லேசாக இருப்பதும் அடையாளம்.

கேமராவுக்கு ஜிகாபிட் போர்ட் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். 4 மெகாபிக்சல் கேமரா எச்.265 என்ற வீடியோ சுருக்கத்தில் 4 முதல் 6 மெகாபிட்தான் அனுப்பும். எட்டும் சேர்ந்தாலும் 50-க்குள். 16 கேமராவைத் தாண்டினால் ரெக்கார்டருக்குப் போகும் அப்லிங்க் போர்ட் மட்டும் ஜிகாபிட்டாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை: 'பாஸிவ் பி.ஓ.இ.' என்று விற்கும் மலிவுப் பெட்டிகளைத் தவிருங்கள். தரமான ஸ்விட்ச், எதிர்முனையில் பி.ஓ.இ. கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே மின்சாரம் விடும். பாஸிவ் எதையும் கேட்காது. அதில் தெரியாமல் லேப்டாப்பைச் செருகினால் போர்ட் கருகிவிடக்கூடும்.

கேள்வி: கம்ப்யூட்டர் சென்டரில் திடீரென்று மொத்த நெட்வொர்க்கும் நின்றது. ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆஃப் செய்து போட்டால் சில நொடி வேலை செய்து மறுபடி அதே கதை.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஸ்விட்சுக்கே திரும்பி வந்திருக்கிறது. பெருக்கும்போது கழன்ற முனையை, காலியாக இருந்த துளையில் யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருப்பார்கள். எல்லாருக்குமாக அனுப்பப்படும் பாக்கெட் அந்த வளையத்தில் முடிவில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகும்.

ஸ்விட்சின் கேபிள்களில் பாதியைக் கழற்றுங்கள். விளக்குகள் அமைதியானால் வளையம் கழற்றிய பாதியில் தொடர்புடையது, இல்லையென்றால் மீதியில். இப்படிப் பாதி பாதியாகப் போனால் 24 போர்ட்டிலும் ஐந்து சுற்றுக்குள் பிடித்துவிடலாம். மாணவர்கள் கைபடும் இடம் என்பதால், அடுத்து வாங்கும்போது 'லூப் ப்ரிவென்ஷன்' வசதி உள்ள ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்குங்கள். வளையம் வந்த போர்ட்டை மட்டும் அது அடைத்துவிடும். கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டுவது இன்னும் மலிவு.

கேள்வி: கிளினிக்கில் நோயாளிகளுக்கு வைஃபை கொடுக்க வேண்டும். ஆனால் பில்லிங் கம்ப்யூட்டரை அவர்கள் தொடக் கூடாது. ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கி வி-லேன் போடச் சொன்னார்கள். போட்டோம், இப்போது இரண்டுமே வேலை செய்யவில்லை.
— வாசகி, கோவை

பதில்: முதலில், உங்கள் ரூட்டரில் 'கெஸ்ட் வைஃபை' இருந்தால் அதுவே போதும், ஸ்விட்சைத் தொட வேண்டியதில்லை. அதை ஆன் செய்து, உள் நெட்வொர்க்கை அணுக அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

கட்டடம் பெரிது, தனித்தனி வைஃபை பெட்டிகள் இருக்கின்றன என்றால், ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வி-லேன் தேவைதான். வழக்கமாகக் கோட்டை விடும் இடங்கள் இவை. இணைய நிறுவனத்தின் மோடத்தில் பெரும்பாலும் உங்கள் உள் நெட்வொர்க்கை வி-லேனாகப் பிரிக்க வழி இருக்காது. ஸ்விட்சில் பிரித்தாலும் இரண்டு பிரிவுக்கும் ஐ.பி. முகவரி கொடுக்க ஆளிருக்காது. வி-லேன் தெரிந்த ரூட்டர் ஒன்று நடுவில் வேண்டும். அடுத்து, ஒரு போர்ட்டை எந்த வி-லேனில் சேர்க்கிறோம் என்பது ஒரு பக்கத்திலும், அந்தப் போர்ட்டின் 'பி.வி.ஐ.டி.' எண் (அதில் நுழையும் பாக்கெட் எந்த வி-லேனுக்கு என்று சொல்வது) இன்னொரு பக்கத்திலும் இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை 1-ஆக விட்டுவிட்டால் பாக்கெட் போகும் வழி வேறு, வரும் வழி வேறு என்றாகிவிடும். உங்கள் நிலைமைக்கு இதுதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு. மூன்றாவது, ஸ்மார்ட் ஸ்விட்சுகளில் சில 192.168.0.1 என்ற முகவரியோடு வரும். உங்கள் ரூட்டரும் அதே முகவரி என்றால் மோதும். ரூட்டரில் மாட்டும் முன்பே லேப்டாப்பில் தனியாகச் செருகி முகவரியையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கடைசியில் 'சேவ்' பட்டனையும் அழுத்துங்கள். 'அப்ளை' மட்டும் அழுத்தினால் கரண்ட் போய் வரும்போது போட்டதெல்லாம் மறைந்துவிடும் மாடல்கள் உண்டு.

கேள்வி: வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் குடோன். வெட்டவெளியில் கம்பம் கட்டி லேன் கேபிள் இழுத்திருக்கிறோம். ஐப்பசி மழை இடியில் இரண்டு வருடமாக இரண்டு பக்க ஸ்விட்சும் போகின்றன. இடி தாங்கும் ஸ்விட்ச் இருக்கிறதா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: பெட்டியில் '6 கிலோவோல்ட் பாதுகாப்பு' என்று போட்டவை கிடைக்கும், கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், நம்பி இருக்க முடியாது. கேபிளில் நேராக இடி விழ வேண்டும் என்றில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீளமான செம்பில் மின்னழுத்தம் தூண்டப்படும், இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறு வேறு அளவுக்கு ஏறும். அந்த வித்தியாசம் முழுக்க லேன் கேபிள் வழியே ஸ்விட்சுக்குள் பாயும்.

செம்பை எடுத்துவிட்டு ஆப்டிக்கல் பைபர் போடுங்கள். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. தேவையானவை: வெளிப்புற சிங்கிள் மோட் பைபர் 80 மீட்டர் (60-க்கு மேல் இரு பக்கமும் சுருட்டி வைக்க), பைபரை லேன் கேபிளோடு இணைக்கும், ஒற்றை இழையில் ஓடும் ஜிகாபிட் மீடியா கன்வர்ட்டர் ஒரு ஜோடி. ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-ல் வாங்கும், மற்றது தலைகீழ். பெட்டியில் ஏ, பி என்று இருக்கும். இரண்டு ஏ வாங்கி வந்தால் விளக்கே எரியாது. ஒரு பக்கம் 100, மறுபக்கம் ஜிகாபிட் என்று வாங்கினாலும் சேராது. முனை ஒட்ட, ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருக்கும் உங்கள் ஊர் கேபிள் டிவி அல்லது பைபர் இணைப்பு ஆட்களைக் கூப்பிடுங்கள். அரை மணி வேலை. பைபரோடு தாங்குகம்பியாக இரும்புக் கம்பி வந்தால் அதைச் சுவரிலேயே கட்டி நறுக்கிவிடுங்கள், உள்ளே ஸ்விட்ச் வரை கொண்டுவராதீர்கள். கொண்டுவந்தால் பைபர் போட்டதே வீண். இரும்பில்லாத, எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்த பிளாஸ்டிக்) குச்சி வைத்த கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது. பைபரை விரலைச் சுற்றி மடிப்பதுபோல் வளைக்காதீர்கள். எரியும் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

இடி மின்சார லைன் வழியாகவும் வரும். அதற்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ. நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) படங்களை ஏற்ற நேரமாகிறது. 2.5 ஜிகாபிட் ஸ்விட்ச் மாற்றினால் பயன் உண்டா?
— வாசகர், சென்னை

பதில்: இப்போது காப்பி ஆகும்போது நொடிக்கு 110 மெகாபைட் அளவில் நிற்கிறதா? அப்படியென்றால் ஜிகாபிட்தான் தடை, மாற்றலாம். 60, 70-ல் தள்ளாடினால் டிஸ்க்கோ, சின்னச் சின்ன ஃபைல்களின் கூட்டமோ காரணம். ஸ்விட்ச் மாற்றிப் பயனில்லை. மாற்றும்போது நாஸ், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் மூன்றிலும் 2.5 போர்ட் வேண்டும். கேபிளைத் தொட வேண்டாம், ஒழுங்காகப் போட்ட கேட் 5இ-யிலேயே 100 மீட்டர் வரை 2.5 ஓடும். எட்டும் 2.5 என்று வாங்கத் தேவையில்லை. எடிட்டிங் செய்யும் கம்ப்யூட்டர்களையும் நாஸையும் மட்டும் 5 போர்ட் 2.5 ஸ்விட்சில் வைத்து, மற்றவற்றைப் பழைய ஸ்விட்சிலேயே விட்டு இரண்டையும் இணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வைஃபை ரூட்டர் சும்மா கிடக்கிறது. அதையே ஸ்விட்சாகப் போட முடியுமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தாராளமாக. அதில் லேப்டாப்பை மட்டும் செருகி உள்ளே போய், புதிய ரூட்டர் 192.168.1.1 என்றால் பழையதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், பிறகு கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அணையுங்கள். புதியதிலிருந்து வரும் கேபிளைப் பழையதன் 'வான்' துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள். டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். வீட்டில் சில போன்களுக்கு மட்டும் இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, அதுவும் நாளுக்கு நாள் மாறும். லேன் துளைகள் 100-ஆ ஜிகாபிட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரூட்டர்களில் பெரும்பாலும் 100தான், அதற்கு மேல் வேகம் எடுத்திருந்தால் முதல் கேள்வியின் 94 உங்கள் வீட்டுக்கும் வரும்.